ரெண்டு மடங்கானா என்ன ஆவும்?

பிளஸ் ஒன் பிசிக்ஸ் ரெக்கார்டு நோட்டில் தனி ஊசல் சோதனைக்கு ஐந்து கட்டம் போட வேண்டும். இழையின் நீளம், 20 அலைவுக்கு ஆகும் நேரம், ஓர் அலைவுக்கு ஆகும் நேரம், அந்த நேரத்தின் வர்க்கம், கடைசியாக நீளத்தை அந்த வர்க்கத்தால் வகுத்து வரும் எண். கடைசிக் கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை ஏறக்குறைய ஒரே எண் வந்தால் சோதனை சரி. அதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கம் வந்துவிடும், மார்க்கும் வந்துவிடும். விடையை முதலிலேயே சொல்லிவிட்டு, எண்களைக் கொண்டுவந்து நிரப்பச் சொல்கிற அட்டவணை அது.

பின்னாளில் இயற்பியல் ஆசிரியை ஆன ஒரு பெண், தாமிரபரணிப் பாசனத்து ஊர் ஒன்றில் 1980களில் படித்த பெண்கள் மேல்நிலைப் பள்ளியில், பிசிக்ஸ் டீச்சர் கரும்பலகையில் இரண்டு கட்டம்தான் போட்டார்.

“நீளத்தையும் நேரத்தையும் மட்டும் எழுதுங்க பிள்ளைகளா. வகுக்கவும் வேண்டாம், பெருக்கவும் வேண்டாம். எழுதிட்டு உத்துப் பாருங்க.”

டீச்சர் சோதனையில் கறாரானவர். பிளந்த தக்கைக்குள் இழையைச் செருகி, நீளத்தைத் தக்கையின் அடியிலிருந்து குண்டின் நடுவரை அளக்க வேண்டும். குண்டு ஓய்ந்து நிற்கும் இடத்துக்கு நேர் கீழே மேஜையில் சாக்பீஸால் ஒரு கோடு போட வேண்டும். குண்டு அந்தக் கோட்டைக் கடக்கும்போது எண்ணத் தொடங்க வேண்டும், அதுவும் “சைபர்” என்று. “ஒண்ணு” என்று தொடங்கினால் 20க்குப் பதில் 19 அலைவுதான் கணக்கில் வரும். அப்படி எடுத்த எண்கள் கரும்பலகையில் ஏறின. 25 சென்டிமீட்டருக்கு 20.1 வினாடி. 50க்கு 28.4. 75க்கு 34.8. 100க்கு 40.2.

நீளம் கூடினால் நேரமும் கூடுகிறது என்று முன்வரிசையில் வேறொருத்தி சொன்னாள். டீச்சர் தலையை ஆட்டினார். கூடுது சரி, எம்புட்டு கூடுது?

“25ஐயும் 50ஐயும் பாருட்டி. நீளம் ரெண்டு மடங்கானா நேரம் என்ன ஆவும்?”

20.1 இரண்டு மடங்கானால் 40.2. வந்திருப்பதோ 28.4. ஒன்றரை மடங்கும் இல்லை, அதற்குச் சற்றுக் குறைவு. வகுப்பு கொஞ்ச நேரம் அந்த இரண்டு எண்ணிலேயே முட்டிக்கொண்டு நின்றது. பிறகு அவள் கண்ணில் அந்த 40.2 பட்டது. அது 100 சென்டிமீட்டருக்கு நேராக உட்கார்ந்திருந்தது. நீளம் நாலு மடங்கானால் நேரம் இரண்டு மடங்கு. நாலுக்கு இரண்டு என்றால் ஒன்பதுக்கு மூன்றாக இருக்குமா?

இருக்குமா என்ற கேள்விக்கு டீச்சர் பதில் சொல்லவில்லை. 25இன் ஒன்பது மடங்கு 225 சென்டிமீட்டர். நேரத்தை முன்கூட்டியே எழுதச் சொன்னார். 20.1ஐ மூன்றால் பெருக்கி 60.3 என்று எல்லோரும் நோட்டில் எழுதினார்கள். இரண்டேகால் மீட்டர் ஊசலைத் தொங்கவிட லேபில் உயரம் போதாது. மாடி வராண்டாவின் கம்பியில் தக்கையைக் கட்டி, இழையைக் கீழே முற்றத்துக்கு இறக்கினார்கள். இரண்டு மீட்டர் ஸ்கேலை ஒட்டிப் பிடித்து அளப்பதற்கே இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். காற்று நிற்கட்டும் என்று காத்திருந்தார்கள். குண்டு மெதுவாகப் போய் மெதுவாக வந்தது. இருபதாவது அலைவு முடிந்து கோட்டைக் கடந்தபோது ஸ்டாப் கிளாக்கின் முள் 60ஐத் தாண்டி ஒரு துளி தள்ளி நின்றது.

வாய்பாடு பாடப் புத்தகத்தில் அச்சாகித்தான் இருந்தது. அலைவுக் காலம் நீளத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்த்தகவில் இருக்கும் என்று இரண்டு மார்க் கேள்விக்காக எல்லோரும் மனப்பாடமும் செய்திருந்தார்கள். ஆனால் அளப்பதற்கு முன்பே ஓர் எண்ணைச் சொல்லி, அந்த எண் முற்றத்தில் வந்து நிற்பதைப் பார்த்தபோது கிடைத்த துணிச்சல் வேறு. தனக்கு இயற்பியல் தொடங்கியது அந்த முற்றத்தில்தான் என்று அவள் இன்றும் சொல்வாள்.

இதே கேள்வியை இதே முறையில் கேட்டவர் கலிலியோ. 1638இல் லெய்டனில் வெளியான ‘இரண்டு புதிய அறிவியல்கள்’ நூலில் அவர் விவரிக்கும் சோதனையில், சாய்த்து வைத்த மரப்பலகையின் பள்ளத்தில் வெண்கலக் குண்டு உருண்டு இறங்குகிறது. முழு நீளத்துக்கு ஆகும் நேரத்தை முதலில் அளக்கிறார், பிறகு கால் பங்கு நீளத்துக்கு. கால் பங்குக்குச் சரியாகப் பாதி நேரம். அவரிடம் வினாடி காட்டும் கடிகாரம் இல்லை. பெரிய பாத்திரத்திலிருந்து மெல்லிய குழாய் வழியாகத் தண்ணீரை விட்டு, குண்டு உருளும் நேரத்தில் விழுந்த தண்ணீரைத் தராசில் நிறுத்தார். எத்தனை வினாடி என்பது அவருக்குத் தேவைப்படவே இல்லை, இந்தத் தண்ணீருக்கு அந்தத் தண்ணீர் எத்தனை பங்கு என்பது போதுமாக இருந்தது. நல்ல கருவி இல்லாத பள்ளிக்கூடங்களுக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் எதுவும் இல்லை என்பது டீச்சரின் கட்சி. ஸ்டாப் கிளாக் மெதுவாக ஓடினாலும், ஒரே சீராக ஓடினால் விகிதம் கெடாது.

விஞ்ஞானிகளின் மூலக் கட்டுரைகளிலிருந்து பகுதிகளைத் தொகுத்த பழைய ஆங்கிலப் புத்தகம் ஒன்று டீச்சரிடம் இருந்தது. பாளையங்கோட்டையில் படித்த காலத்தில் வாங்கியது. அதிலிருந்து எண்களை மட்டும் எடுத்து, யாருடையது, எதை அளந்தது என்று சொல்லாமல் பலகையில் எழுதுவார். ஒரு நாள் மேல் வரிசையில் 48, 24, 12. கீழ் வரிசையில் 29.1, 58.8, 117.6. ஒன்று பாதியானால் மற்றது இரட்டிப்பு என்று வகுப்பு உடனே கண்டுபிடித்துவிட்டது. அது 1662இல் ராபர்ட் பாயில் வெளியிட்ட அட்டவணை. வளைந்த கண்ணாடிக் குழாயில் காற்றை அடைத்து, பாதரசம் ஊற்றி அழுத்திய சோதனை. மேல் வரிசை காற்று அடைத்த இடம், கீழ் வரிசை அதன் மேலிருந்த அழுத்தம், அங்குலப் பாதரசக் கணக்கில்.

பின்வரிசைப் பெண் ஒருத்தி விடவில்லை. “29.1க்கு ரெட்டிப்பு 58.2தான டீச்சர், 58.8 எப்படி வந்துச்சு?”

டீச்சருக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடித்துப்போனது. பாயிலுக்கு அந்த அரை அங்குலம் தெரியும். கருதுகோளின்படி என்ன அழுத்தம் வர வேண்டும் என்று தனிக் கட்டம் போட்டு, அளந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கிறார். இரண்டும் எங்கே ஒத்துப்போகிறது, எங்கே விலகுகிறது என்று படிப்பவர் பார்த்துக்கொள்ளலாம். பிராக்டிகல் பரீட்சையில் ரிசல்ட்டை முதலில் முடிவு செய்துவிட்டு ரீடிங்கைப் பின்னாலிருந்து கணக்குப் போட்டு எழுதுகிற பழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. பாயிலின் அட்டவணையைப் பார்த்த பிறகு அந்த வகுப்பில் அதற்கு யாருக்கும் மனம் வரவில்லை.

கூலும் எண்கள் வந்த நாள் அவளுக்கு இன்னும் துல்லியமாக நினைவிருக்கிறது. பலகையில் மொத்தம் மூன்றே ஜோடி. 36க்கு 36. 18க்கு 144. 8.5க்கு 575.5. தூரம் பாதியாக, விசை நாலு மடங்கு. மறுபடி ஏறக்குறையப் பாதியாக, மறுபடி நாலு மடங்கு. மின்னூட்டங்களின் விசை தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்த்தகவில் குறைகிறது என்ற விதியை 1785இல் பாரிஸ் அகாதமியின் முன் வைத்தபோது, விலக்கு விசைக்குக் கூலும் எழுதிக் காட்டியவை இந்த மூன்று அளவுகள்தான். இரண்டு எண்ணும் டிகிரியில். ஒன்று, மின்னூட்டிய இரண்டு பந்துகள் விலகி நின்ற கோணம். மற்றது, மெல்லிய வெள்ளிக் கம்பி முறுக்கப்பட்ட கோணம். முறுக்கின் கோணம் விசைக்கு நேர்த்தகவில் இருக்கும் என்பதை அவர் அதற்கு முன்பே தனியாக நிறுவி வைத்திருந்தார். ஒரு நேர்த்தகவை அளவுகோலாக்கி அதன் மேல் ஏறி நின்று இன்னொரு தகவை அளந்தார்.

அந்த 8.5 மட்டும் உறுத்துகிறது. 9 வந்திருந்தால் கச்சிதமாக இருந்திருக்கும். பாதிக்கு அரை டிகிரிதான் குறை என்று கூலும் அதை மறைக்காமல் எழுதினார். ஈரக் காற்றில் மின்னூட்டம் கசிந்து போகும் என்பதும் அவருக்குத் தெரியும். மூன்றே எண்ணை வைத்து ஒரு விதியா என்று இன்று ஒருவர் கேட்கலாம். விகிதம் அத்தனை அப்பட்டமாகத் தெரிகிறபோது மூன்று எண் நிறையப் பேசும் என்பதுதான் இதற்கு அவள் சொல்லும் பதில்.

விகிதம் வராத நாளும் உண்டு. அவளைப் பொறுத்தவரை மொத்தக் கதையிலும் செழிப்பான இடம் அது.

சுருள்வில்லின் கீழே கொக்கி, கொக்கியில் எடைகள், இழுத்துவிட்டு 20 அலைவுக்கு நேரம் எடுக்க வேண்டும். இங்கேயும் வர்க்கமூலம்தான் வரும் என்று புத்தகம் சொல்கிறது. எடையை 50 கிராமிலிருந்து 100 ஆக்கினால் நேரம் 1.41 மடங்காக வேண்டும். வந்தது 12.6 வினாடியும் 15.4 வினாடியும். வகுத்தால் 1.22. திரும்ப எடுத்தார்கள், அதே எண். 150 கிராமுக்கு 17.8. வில் சரியில்லை, வேறு வில் எடுக்கலாம் என்று பேச்சு எழுந்தது. டீச்சர் வில்லை மாற்றவில்லை. நேரங்களை வர்க்கப்படுத்தச் சொன்னார். 159, 237, 317. ஒவ்வொரு 50 கிராமுக்கும் ஏறக்குறைய 79 கூடுகிறது. படிகள் சமமாகத்தான் இருக்கின்றன.

“அப்போ ஒரு படி பின்னால இறங்கு. எடையே போடலன்னா என்ன வரும்?”

159இலிருந்து 79ஐக் கழித்தால் 80. சைபர் வர வேண்டிய இடத்தில் ஒரு முழுப் படி நிற்கிறது. அதாவது எடை போடாதபோதும் அங்கே 50 கிராம் ஆடிக்கொண்டிருக்கிறது. யாரும் கணக்கில் சேர்க்காத 50 கிராம். கொக்கியைக் கழற்றித் தராசில் வைத்தார்கள், 40 கிராம் இருந்தது. மீதி 10? வகுப்பு மேலும் கீழும் பார்த்தது. ஆடுவது வேறு எதுவும் இல்லை, வில்தான். வில்லை நிறுத்தார்கள், 30 கிராம். வில்லின் மேல் நுனி அசைவதே இல்லை, கீழ் நுனி எடையோடு சேர்ந்து முழுக்க ஆடுகிறது, நடுவில் உள்ள சுற்றுகள் அதற்கேற்ற பங்குக்கு ஆடுகின்றன. எல்லாம் சேர்ந்து மூன்றில் ஒரு பங்கு எடையாக வேலை செய்யும் என்று டீச்சர் சொன்னார். அது ஏன் மூன்றில் ஒன்று என்பதை அவள் கல்லூரியில் தொகையீடு போட்டுத் தெரிந்துகொண்டாள். 50ஐயும் 100ஐயும் ஒப்பிட்டபோது உண்மையில் ஒப்பிடப்பட்டவை 100ம் 150ம். ஒன்றரையின் வர்க்கமூலம் 1.22.

இது ஆட்டோவில் மினிமம் சார்ஜ் கொடுப்பது மாதிரி. தூரம் இரண்டு மடங்கானால் காசு இரண்டு மடங்காகாது, ஏறி உட்காரும்போதே ஒரு தொகை சேர்ந்துவிடுகிறது. நேர்கோட்டில் கூடுவதும் நேர்த்தகவில் கூடுவதும் வேறு வேறு என்பதைப் பரீட்சை எழுதி முடித்த பலர்கூடப் பிரித்துப் பார்ப்பதில்லை. வாயுவின் கன அளவைச் செல்சியஸில் வைத்துப் பார்த்தாலும் இதே சிக்கல்தான். 20 டிகிரியை 40 ஆக்கினால் காற்று இரட்டிப்பாகாது. 27 டிகிரியை 327 ஆக்கினால்தான், அதாவது 300 கெல்வினை 600 ஆக்கினால்தான், அதே அழுத்தத்தில் இரட்டிப்பாகும். சைபரை எங்கே வைத்திருக்கிறோம் என்று பார்க்காமல் விகிதம் பேசக் கூடாது. விகிதம் ஒத்து வராதபோது டேட்டாவைக் குறை சொல்லாமல், கணக்கில் விட்டுப்போனது எது என்று தேட அந்த 50 கிராம் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது.

சுரமானியில் கம்பியின் நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வெண் இரட்டிப்பு, தொங்கும் எடையை நாலு மடங்காக்கினாலும் அதே இரட்டிப்பு. 256 இசைக்கவைக்கும் 512 இசைக்கவைக்கும் காகிதத் துண்டு துள்ளி விழுவதைப் பார்த்தார்கள். அதோடு டீச்சர் மிருதங்கத்துக்குப் போய்விட்டார். கம்பியின் மேற்சுரங்கள் 1, 2, 3 என்று முழு எண் விகிதத்தில் வரும். சாதாரணமாக இழுத்துக் கட்டிய தோலுக்கு அப்படி வராது, அடுத்த சுரம் 1.59 மடங்கில் வந்து நிற்கும், அதனால் அது வெறும் சத்தமாகக் கேட்கும். மிருதங்கத்தின் வலந்தலையில் அப்பியிருக்கும் கருப்புப் பூச்சு அந்த விகிதங்களை முழு எண்களுக்கு இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறது. இதை 1920இல் ‘நேச்சர்’ இதழில் எழுதியவர் சி.வி. ராமன். மிருதங்கம் செய்கிறவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காதால் சரிசெய்த விகிதம் அது.

வர்க்கம், வர்க்கமூலம் என்று எளிதில் பிடிபடாத விகிதங்களுக்கு டீச்சர் கிளார்க்ஸ் டேபிளை எடுக்கச் சொல்வார். பெருக்கல் கணக்குக்கு மட்டும் அந்த லாக் புத்தகத்தைப் பயன்படுத்தி வந்த பிள்ளைகளுக்கு அது புது வேலை. வியாழன் சூரியனிலிருந்து பூமியைப்போல 5.203 மடங்கு தூரத்தில் இருக்கிறது, சுற்றிவர 11.86 ஆண்டு ஆகிறது. தூரம் ஐந்து மடங்கானால் காலம் பன்னிரண்டு மடங்கு என்பதை உற்றுப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இரண்டுக்கும் லாக் எடுத்தால் 0.7163, 1.0741. வகுத்தால் 1.5. செவ்வாய்க்கு 1.524, 1.881. லாக் 0.1830, 0.2744. வகுத்தால் மறுபடி 1.5. சனிக்குப் போட்டவளும் “ஒண்ணரை” என்று கத்தினாள். காலத்தின் வர்க்கம் தூரத்தின் கனத்துக்கு நேர்த்தகவு. கெப்ளர் இதை 1618 மார்ச் 8ஆம் தேதி கண்டார், கணக்கில் தப்பு விழுந்ததால் தள்ளிவைத்தார், மே 15ஆம் தேதி மறுபடி வந்து பிடித்துக்கொண்டார். தேதிகளை அவரே 1619இல் வெளிவந்த தன் புத்தகத்தில் குறித்திருக்கிறார். நேப்பியர் முதல் மடக்கை அட்டவணையை வெளியிட்டது அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு, 1614இல்.

அவள் பின்னாளில் கல்லூரியில் இயற்பியல் ஆசிரியை ஆனாள். முதலாண்டு பி.எஸ்ஸி. வகுப்பில் அவள் பலகையில் எழுதும் எண்கள் நான்கு: 6562.10, 4860.74, 4340.1, 4101.2. ஹைட்ரஜன் நிறமாலையின் நான்கு கோடுகள், ஆங்ஸ்ட்ராம் கணக்கில். பாசெலில் பெண்கள் பள்ளி ஒன்றில் கணக்கு வாத்தியாராக இருந்த யோஹான் யாக்கோப் பால்மர், அறுபது வயதில், 1885இல், இந்த நான்கையும் ஒரே எண்ணின் மடங்குகளாகப் பார்த்தார். அந்த எண் 3645.6. அதை 9/5, 4/3, 25/21, 9/8 ஆகியவற்றால் பெருக்கினால் நான்கு கோடும் தசமப் புள்ளிவரை வந்துவிடுகின்றன. பெண்கள் பள்ளியில் பாடம் நடத்திய மனிதர் என்பதைச் சொல்லும்போது அவள் குரல் சற்று உயர்ந்துவிடும்.

பின்னங்களைக் கண்டது பாதி வேலைதான். 9/5, 4/3, 25/21, 9/8 என்று வைத்துப் பார்த்தால் ஒழுங்கு எதுவும் தெரியாது. பால்மர் இரண்டாவதையும் நான்காவதையும் மேலும் கீழும் நாலால் பெருக்கினார். 4/3 என்பது 16/12 ஆனது, 9/8 என்பது 36/32 ஆனது. மதிப்பு மாறவில்லை, முகம் மாறிவிட்டது. மேலே 9, 16, 25, 36. மூன்று, நான்கு, ஐந்து, ஆறின் வர்க்கங்கள். கீழே 5, 12, 21, 32. ஒவ்வொன்றும் மேலே உள்ளதைவிட நாலு குறைவு. அடுத்தது 49/45 ஆக வேண்டும். அதை வைத்து 3969.7இல் ஐந்தாவது கோடு இருக்க வேண்டும் என்று கணக்கிட்டார். அந்தக் கோடும் அதற்கு அப்பாலுள்ளவையும் ஏற்கெனவே அளக்கப்பட்டிருக்கின்றன என்று பாசெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹாகன்பாக் அவரிடம் தெரிவித்தார். 1913இல் நீல்ஸ் போர் தன் அணு மாதிரியை அமைத்தபோது அவர் முன்னே இருந்தது இந்த வாய்பாடு.

இதை அவள் ஒரே மூச்சில் சொல்லிவிடுவதில்லை. நான்கு எண்ணையும் எழுதிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாள். பிள்ளைகள் கால்குலேட்டரில் ஒன்றால் ஒன்றை வகுத்துப் பார்ப்பார்கள். 6562.10ஐ 4860.74ஆல் வகுத்தால் 1.35 என்று வரும், அது 27/20 என்று யாராவது ஒருவர் கண்டுபிடிக்க நேரம் பிடிக்கும். 9/5ஐ 4/3ஆல் வகுத்தால் வருவதும் 27/20தான். அங்கிருந்து சூடு பிடிக்கும்.

சென்ற வருடத்து வகுப்பில் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: “மேம், கீழ கழிக்கிற நாலு, ரெண்டோட வர்க்கம்தானே. அந்த இடத்துல ஒண்ணு போட்டா?”

அவள் சாக்பீஸை நீட்டினாள். மாணவி வந்து, 3645.6க்குள்ளும் அந்த நாலு ஒரு காரணியாக இருக்கிறது என்று சொல்லி, அதை நாலால் வகுத்து 911.4 என்று எழுதினாள். வர்க்கங்கள் இப்போது இரண்டிலிருந்து தொடங்கும், ஒன்றைக் கழிக்க வேண்டும். முதல் பின்னம் 4/3. பெருக்கினால் 1215.2. கண்ணுக்குத் தெரியாத தூரப் புற ஊதாப் பகுதி அது. அந்த வரிசையின் கோடுகளை ஹார்வர்டில் தியோடர் லைமன் 1906இல் வெளியிட்டார். இன்றைய அளவு 1215.67. “அப்போ மூணு போட்டா?” என்றபடி பின்வரிசையிலிருந்து இன்னொருத்தி எழுந்து வந்துகொண்டிருந்தாள்.